புலிக்கு வைத்த கேமராவும் கால்வாய்க்கரைப் பெண்களும்: மெமரி கார்டு யாரிடம் இருக்க வேண்டும்?

தண்டையார்பேட்டையில் நாங்கள் நடத்தும் சட்ட வகுப்பிற்கு ஞாயிறுதோறும் வரும் கல்லூரி மாணவர்கள், கடந்த கோடையில் ஒரு டிரெயில் கேமராவை வாங்கி வந்தனர். கொருக்குப்பேட்டைப் பக்கம் பக்கிங்ஹாம் கால்வாயின் கரையில் இரவு நேரங்களில் லாரியில் கழிவைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். யார் என்று கேட்டால் எவருக்கும் தெரியாது. புகார் கொடுத்தால் ஆதாரம் கேட்கிறார்கள். ஆகவே, காட்டில் விலங்குகளைப் படம் பிடிக்கும் கேமரா ஒன்றைக் கரையோர மரத்தில் கட்டிவிடலாம் என்பது மாணவர்களின் யோசனை. இணையத்தில் ஐயாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல் விலை. பெட்டியின் மீது கொம்புள்ள மான் ஒன்றின் படமும், ‘ஹண்டிங் கேமரா’ என்ற சொல்லும் அச்சிடப்பட்டிருந்தன. நாங்களும் உற்சாகமாக ஒப்புக்கொண்டோம்.

நான்காம் நாள் மெமரி கார்டைக் கழற்றி மடிக்கணினியில் செருகினோம். அறுநூறுக்கும் மேற்பட்ட படங்கள் இருந்தன. பெரும்பாலானவற்றில் நாய், பன்றி, காற்றில் அலையும் பிளாஸ்டிக் பை. லாரி இரண்டு இரவுகளில் வந்திருந்தது. நாற்பதுக்கும் அதிகமான படங்களில் பெண்கள் இருந்தனர். விடிவதற்கு முன் கரையோரப் புதர் மறைவிற்கு வந்த பெண்கள். அங்கிருக்கும் பொதுக் கழிப்பறை இரவில் பூட்டப்படுகிறது. காலையில் எப்போது திறக்கும் என்பது சாவி வைத்திருப்பவரின் விருப்பம். அந்த அறையில் நாங்கள் ஒன்பது பேர் இருந்தோம். அவர்களில் ஏழு பேர் ஆண்கள். மூன்றாவது படத்திலேயே ஒரு மாணவி எழுந்து வந்து மடிக்கணினியை மூடிவிட்டார்.

எங்கள் அறியாமையை மன்னிக்கத்தக்கதாக ஆக்கும் காரணம் எதுவும் எங்களிடம் இல்லை. ஏனெனில் இதே கேமரா, இதே வகையில், உத்தரகண்டின் கார்பெட் புலிகள் காப்பகத்தில் என்ன செய்தது என்பதை நாங்கள் படித்திருந்தோம், வகுப்பிலும் பேசியிருந்தோம். காட்டில் நடந்தது நம் தெருவில் நடக்காது என்று எப்படியோ நம்பியிருக்கிறோம்.

இந்தக் கருவி எவ்வாறு இயங்குகிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்வது நல்லது. டிரெயில் கேமராவிற்குள் வெப்ப உணரி ஒன்று இருக்கிறது. சுற்றுப்புறத்தின் வெப்பநிலையிலிருந்து மாறுபட்ட வெப்பமுள்ள ஏதேனும் ஒன்று அதன் முன் அசைந்தால் கேமரா விழித்துக்கொண்டு படம் எடுக்கும். அசைவது புலியா, ஆடா, மனிதரா என்பது அதற்குத் தெரியாது. தெரியவேண்டிய தேவையும் அதற்கு இல்லை. இரவில் அகச்சிவப்பு விளக்கைப் பயன்படுத்துகிறது. 850 நானோமீட்டர் அலைநீளமுள்ள விளக்கு என்றால் உற்றுப் பார்ப்பவருக்கு மங்கிய சிவப்புப் புள்ளிகள் தெரியும். 940 என்றால் எதுவும் தெரியாது. ‘கண்ணுக்குத் தெரியாத ஒளி’ என்று விற்பனையாளர்கள் பெருமையாக விளம்பரப்படுத்துவது இதைத்தான். படம் பிடிக்கப்படுபவர் தாம் படம் பிடிக்கப்படுவதை அறியாதிருப்பதே இக்கருவியின் சிறப்பு என்று பொருள். எட்டு பேட்டரிகளில் வாரக்கணக்கில் இயங்கும். விலை குறைந்த வகைகள் பலவற்றில் படங்களுக்குக் கடவுச்சொல் பாதுகாப்பு எதுவும் கிடையாது. கார்டை யார் கழற்றினாலும், எந்தக் கணினியில் செருகினாலும் எல்லாப் படங்களும் திறக்கும். இந்தக் கடைசிச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இக்கட்டுரையின் வழக்கு முழுவதும் அதன்மீதுதான் நிற்கிறது.

இக்கருவியின் வரலாறு வேட்டையோடு பிணைந்தது. அமெரிக்காவில் ஜார்ஜ் ஷிராஸ் என்பவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், கம்பியை விலங்கே இழுத்துத் தன்னைத் தானே படம் எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்தார். துப்பாக்கிக்குப் பதில் கேமரா என்பது அவருடைய வழி. இந்தியாவில் பிரிட்டிஷ் வனத்துறை அதிகாரி எஃப்.டபிள்யூ. சாம்பியன் 1920களில் அதே உத்தியால் புலிகளை இரவில் படம் பிடித்து, 1927இல் நூலாக வெளியிட்டார். 1990களில் கர்நாடகத்தின் நாகரஹொளெயில் உல்லாஸ் கரந்த் புலியின் வரிகளைக் கைரேகைபோலக் கொண்டு, கேமராப் படங்களின் வழி புலிகளின் எண்ணிக்கையை மதிப்பிடும் முறையை நிலைநிறுத்தினார். காலடித் தடத்தை வைத்து எண்ணிய பழைய முறையின் மீது நம்பிக்கை சரிந்திருந்த காலம் அது. சரிஸ்கா காப்பகத்தில் புலிகளே இல்லை என்பது 2005இல் வெளிவந்தபோது அந்தச் சரிவு முழுமையடைந்தது.

மேலைநாடுகளில் மலிவு விலைக் கேமராக்களின் பெருஞ்சந்தை இன்றும் மான் வேட்டைக்காரர்கள்தாம். எந்த மான் எந்த நேரத்தில் எந்தக் குட்டைக்கு வருகிறது என்பதைக் கைப்பேசியிலேயே பார்த்துவிட்டுப் போய்ச் சுடலாம். இது வேட்டையே அல்ல என்ற குரல் வேட்டைக்காரர்களிடமிருந்தே எழுந்து, 2022 முதல் அரிசோனா மாநிலம் வேட்டைக்காக இக்கேமராக்களைப் பயன்படுத்துவதைத் தடை செய்தது. அங்கே மானுக்குச் சம வாய்ப்பு வேண்டும் என்று விவாதம் நடந்தது. நம் நாட்டில் கேமராவில் விழும் மனிதரைப் பற்றி அத்தகைய விவாதம்கூட நடக்கவில்லை என்பதை இங்கே குறித்துவைக்கிறோம்.

இந்தியச் சட்டம் இதில் வேறு. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972, அதன் 9ஆம் பிரிவின்படி, பாதுகாக்கப்பட்ட விலங்குகளை வேட்டையாடுவதைத் தடை செய்கிறது. ‘வேட்டை’ என்பதன் வரையறையில் முயற்சியும் அடங்கும். ஆகவே ‘ஹண்டிங் கேமரா’ என்ற பெயரில் விற்கப்படும் பெட்டியை வாங்குவது குற்றமல்ல. ஆனால் அதை ஒரு காப்புக்காட்டிலோ சரணாலயத்திலோ கட்டுவது வேறு செய்தி. சரணாலயத்திற்குள் நுழைவதற்கே 27ஆம் பிரிவு கட்டுப்பாடு விதிக்கிறது. படம் எடுக்க 28ஆம் பிரிவின்படி அனுமதி வேண்டும். ஆய்வு, ஆவணப்படம் என்று ஆர்வத்தோடு கிளம்பும் மாணவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். வனத்துறை வழக்கு ஒன்றில் சிக்குவது எளிது; நுழைந்தவர் இருளராகவோ நரிக்குறவராகவோ இருந்துவிட்டால் இன்னும் எளிது.

அரசு இக்கருவியைப் பயன்படுத்தும் அளவோ மிகப் பெரிது. 2018ஆம் ஆண்டுப் புலிகள் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமராக்கள் வைக்கப்பட்டு, 3,48,58,623 படங்கள் எடுக்கப்பட்டன. உலகின் மிகப் பெரிய கேமராவழி வனவுயிர்க் கணக்கெடுப்பு என்று கின்னஸ் பதிவேட்டில் அது இடம்பெற்றது. அவற்றில் புலி இருந்த படங்கள் 76,651. அதாவது ஏறத்தாழ 450 படங்களுக்கு ஒன்றில்தான் புலி. மற்றவற்றில் மானும் யானையும் சிறுத்தையும், அசைந்த இலையும் இருக்கின்றன. அவற்றோடு மனிதர்களும் இருக்கிறார்கள். விறகுக்குப் போனவர்கள், மாடு மேய்க்கப் போனவர்கள், தேன் எடுக்கப் போனவர்கள், ஒதுங்கப் போனவர்கள். மீன் வலையில் வேண்டாமல் வந்து விழும் சில்லறை மீனைப் போல, இப்படங்களை ஆய்வு உலகம் தற்செயல் பிடிப்பாகவே கருதுகிறது. அடுத்த கணக்கெடுப்பான 2022இல் கேமரா வைத்த இடங்கள் 32,588 ஆயின, படங்கள் 4.7 கோடியைத் தாண்டின.

இந்தக் கேமராக்களைச் சுமந்து சென்று கட்டுவது யார்? பெரும்பாலும் தற்காலிக ஊதியத்தில் இருக்கும் வேட்டைத் தடுப்புக் காவலர்கள். நீலகிரியில் அவர்களில் பலர் பழங்குடிகள். 2021 செப்டம்பர், அக்டோபரில் கூடலூர், மசினகுடி பகுதியில் டி-23 என்று பெயரிடப்பட்ட புலியைத் தேடியபோது கேமராக்கள், டிரோன்கள், கும்கி யானைகள் என்று எல்லாம் இறக்கப்பட்டன. அதைக் கொல்லும் ஆணை நீதிமன்றம் வரை சென்று, உடனே கொல்ல வேண்டாம் என்றானது. மூன்று வாரத் தேடலுக்குப் பின் அக்டோபர் 15 அன்று மயக்க ஊசி செலுத்திப் பிடித்தார்கள். காலடித் தடத்தையும் முறிந்த புல்லையும் பார்த்துப் போகத் தெரிந்த பழங்குடித் தடம்பார்ப்பவர்கள் இல்லாமல் அந்தத் தேடல் முடிந்திருக்காது. அவர்களின் அறிவு தேவைப்படும்போது அழைப்பு வருகிறது; மற்ற நாள்களில் அதே மக்கள் கேமராவில் பதியும் சந்தேக உருவங்கள்.

இப்போது கார்பெட். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் திரிசாந்த் சிம்லாய் அங்கே 14 மாதங்கள் தங்கி, 270 உள்ளூர் மக்களிடம் பேசி நடத்திய ஆய்வு 2024 நவம்பரில் வெளிவந்தது. அதில் பதிவாகியுள்ள நிகழ்வு 2017இல் நடந்தது. விளிம்புநிலைச் சாதியைச் சேர்ந்த, ஆட்டிசம் நிலையுடைய ஒரு பெண் காட்டில் இயற்கை உபாதைக்கு ஒதுங்கியபோது, விலங்குகளுக்காக வைக்கப்பட்ட கேமராவில் அவருடைய படம் விழுந்தது. வனப்பணிக்குத் தற்காலிகமாக அமர்த்தப்பட்டிருந்த இளைஞர்கள் அந்தப் படத்தை உள்ளூர் வாட்ஸ்அப், ஃபேஸ்புக் குழுக்களில் பரப்பினார்கள். ஊர் மக்கள் கையில் கிடைத்த கேமராக்களை எல்லாம் உடைத்துக் கொளுத்தினார்கள்.

இந்த நிகழ்வு செய்தியானது. ஆய்வின் மறுபாதி அத்தனை பேசப்படவில்லை. எங்கள் பார்வையில் அதுவே முக்கியம். காடு அப்பெண்களுக்கு விறகும் புல்லும் தரும் இடம் மட்டுமன்று. குடிக்கும் கணவனிடமிருந்தும் வீட்டு அடியிலிருந்தும் சில மணி நேரம் விலகியிருக்க, பெண்கள் கூடிப் பேச, பாட அவர்களுக்குக் கிடைத்த ஒரே இடம் அது. பாடுவதற்கு இன்னொரு பயனும் உண்டு: சத்தம் கேட்டால் விலங்கு விலகிப் போகும். கேமராக்கள் வந்தபின் யாரோ பார்க்கிறார்கள், கேட்கிறார்கள் என்ற எண்ணத்தில் குரல் தாழ்ந்தது, பாட்டு நின்றது. கேமரா இல்லாத, பழக்கமில்லாத பகுதிகளுக்குள் அவர்கள் போகத் தொடங்கினார்கள். ஆய்வாளரிடம் பேசிய பெண்களில் ஒருவர் பின்னர் புலி தாக்கி இறந்தார். சட்டப்படி உரிமை இருந்தும் பெண்களைக் காட்டிலிருந்து விரட்ட, வேண்டுமென்றே அவர்கள் தலைக்கு மேல் டிரோன் பறக்கவிடப்பட்டதையும் ஆய்வு பதிவு செய்கிறது. புலியைப் பாதுகாக்க வைத்த கருவி, புலியிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்ளப் பெண்கள் வைத்திருந்த வழியைப் பறித்துக்கொண்டது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? சட்டம் பயிலும் மாணவர்களுக்காக இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் கேமராவில் விழும் மனிதரின் படத்தைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. அப்படத்தை யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம், எப்போது அழிக்க வேண்டும் என்பவை அதில் இல்லை. 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். அதன் 17ஆம் பிரிவு, ஒன்றிய அரசு அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்கும் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. ஆகவே முதலில் நாம் சென்று நிற்க வேண்டிய இடம் அரசமைப்பின் 21ஆம் உறுப்பு. புட்டசாமி வழக்கில் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு வகுத்த சோதனை எளிமையானது: அந்தரங்கத்தில் அரசு தலையிட வேண்டுமாயின் அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், தலையீடு அந்த நோக்கத்தின் அளவை மீறக் கூடாது. புலியை எண்ணுவது நியாயமான நோக்கம். அதில் எங்களுக்கு மாறுபாடு இல்லை. ஆனால் மனிதர் விழுந்த படத்தைச் சேமித்து வைப்பதற்குச் சட்டம் எங்கே? முதல் படியிலேயே தடுக்கி விழும் வாதம் அது.

குற்றவியல் சட்டத்திற்கு வருவோம். பெண்ணின் அந்தரங்கச் செயலை மறைந்து பார்ப்பதும் படம் பிடிப்பதும் பரப்புவதும் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 354-சி பிரிவில் குற்றம். இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவில். அந்தப் பிரிவின் விளக்கத்தைப் படித்துப் பாருங்கள். அந்தரங்கத்தை எதிர்பார்க்கத்தக்க ‘இடம்’ ஒன்றைப் பற்றி அது பேசுகிறது. ‘கழிப்பறையைப் பயன்படுத்துதல்’ என்ற சொற்களும் அதில் இருக்கின்றன. சட்டம் எழுதியவரின் மனக்கண்ணில் சுவரும் கதவும் தாழ்ப்பாளும் உள்ள ஒரு வீடு இருந்திருக்கிறது. கழிப்பறையே இல்லாத பெண் புதர் மறைவில் இருக்கும்போது அது ‘எதிர்பார்க்கத்தக்க இடம்’ ஆகுமா என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கட்டாயம் கேட்பார். ஆகும் என்றே நாம் வாதிட வேண்டும். இருட்டும் புதரும்தான் அவருக்கு வாய்த்த சுவர். ஆயினும் அந்த வாதத்தை மட்டும் நம்பியிருக்கத் தேவையில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ பிரிவு, உடலின் அந்தரங்கப் பகுதியைப் படம் பிடிப்பதையும் பரப்புவதையும் குற்றமாக்கும்போது, அந்த நபர் இருந்தது பொது இடமா தனியிடமா என்பது பொருட்டல்ல என்று வெளிப்படையாகவே கூறுகிறது. மூன்றாண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இப்பிரிவை நம் காவல் நிலையங்களில் எடுத்துச் சொல்லவேண்டிய நிலைதான் இருக்கிறது.

ஒரு சிக்கலை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இவ்விரு சட்டங்களும் மனிதரின் செயலையும் எண்ணத்தையும் பார்ப்பவை. கேமரா தானாகவே எடுத்த படத்திற்கு எண்ணம் யாருடையது? ஆகவே கேமராவைக் கட்டியவரை இப்பிரிவுகளால் தொடுவது கடினம். கார்டைக் கழற்றி, பார்த்து, வைத்துக்கொண்டு, அனுப்பியவரைத் தொடலாம். குற்றம் மரத்தில் நடப்பதில்லை. கார்டு கைமாறும் இடத்தில் நடக்கிறது.

பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ இருந்து, செய்தவர் அவ்விரு பிரிவுகளிலும் சேராதவராக இருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேரும். 2015 திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 3(2)(va) பிரிவின் அட்டவணையில் 354-சி இடம்பெற்றிருக்கிறது. வன உரிமைகள் உள்ளிட்ட உரிமைகளை அனுபவிப்பதில் தலையிடுவதையே 3(1)(g) தனிக் குற்றமாக்குகிறது. விறகெடுக்கும் உரிமை உள்ள பெண்களை டிரோன் கொண்டு விரட்டுவது அதற்குள் வரும் என்பது எங்கள் கருத்து. புகாரைப் பதிய மறுக்கும் அலுவலருக்கு 4ஆம் பிரிவு இருக்கிறது.

இவை எல்லாவற்றிற்கும் மேலாக வன உரிமைச் சட்டம் 2006. தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் 2024 ஜூன் 19 அன்று மாநிலங்களுக்கு எழுதிய கடிதத்தில், புலிகள் காப்பகங்களின் மையப் பகுதிகளில் 591 கிராமங்களில் 64,801 குடும்பங்கள் இருப்பதாகக் கூறி, இடமாற்றத்தை விரைவுபடுத்தக் கேட்டது. உரிமைகளை அங்கீகரிக்கும் நடைமுறை முடியும்வரை எவரையும் அகற்றக் கூடாது என்கிறது வன உரிமைச் சட்டத்தின் 4(5) பிரிவு. மக்களின் இருப்பு வனவுயிருக்கு மீளாத் தீங்கு விளைவிக்கிறது என்பதை அரசே நிறுவ வேண்டும் என்கிறது 4(2). அந்த ‘நிறுவுதலுக்கு’ நாளை கேமராப் படங்கள் வந்து நிற்கும். மனிதர் நடமாட்டம் இத்தனை முறை பதிவானது என்று ஓர் அட்டவணை போதும். காட்டோரத்தில் வாழும் தலித் குடும்பங்களுக்கு இது இரட்டைச் சுமை. அவர்கள் ‘பிற பாரம்பரிய வனவாசிகள்’ என்ற வகையில் வருவதால் 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு வாழ்ந்ததை நிறுவ வேண்டும். தாத்தா அங்கே வாழ்ந்ததற்குப் படம் இல்லை. பேரன் ‘அத்துமீறி நுழைந்ததற்கு’ மட்டும் நேரம், தேதியோடு படம் இருக்கிறது.

அந்தப் படங்கள் யாரிடம் இருக்கின்றன என்பதை மறக்க வேண்டாம். 1992 ஜூன் 20 அன்று வாச்சாத்தியில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி நுழைந்து பதினெட்டுப் பெண்களை வன்புணர்வுக்கு உள்ளாக்கினார்கள். தர்மபுரி அமர்வு நீதிமன்றத்தின் 2011ஆம் ஆண்டுத் தண்டனையைச் சென்னை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது 2023 செப்டம்பர் 29இல். இடையில் 31 ஆண்டுகள். ஒரு பழங்குடிப் பெண்ணின் படம் உள்ள கார்டை எந்தக் கேள்வியும் இன்றி அத்துறைகளில் ஒன்றின் மேசை இழுப்பறையில் விட்டுவைக்கச் சொல்கிறவர்கள், இந்த 31 ஆண்டுகளை எங்கே வைப்பார்கள்?

கேமராவையே வெறுக்க வேண்டுமா என்றால், இல்லை. வன உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, வனவுயிரையும் காட்டையும் பாதுகாக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கு அளிக்கிறது. கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன மலையில் சோளகர்கள் 2011இல் சமூக வன உரிமையைப் பெற்றார்கள். மக்கள் வெளியேறினால்தான் புலி பெருகும் என்ற வாதத்தை அந்த மலை பொய்ப்பித்தது. அவர்கள் அங்கேயே வாழ, புலிகளும் பெருகின. விலை குறைந்த கேமராக்களைக் கிராம சபையே வாங்கி, எங்கே கட்டுவது, யார் கார்டைக் கழற்றுவது, மனிதர் விழுந்த படத்தை யார் முன்னிலையில் அழிப்பது என்று தீர்மானம் போட்டால் அதற்குச் சட்டத் தடை இருப்பதாக எங்களுக்குத் தோன்றவில்லை. வனத்துறை கட்டிய கேமராக்கள் உங்கள் ஊர்ப் பாதையில் இருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். புலி இருக்கும் இடத்தைக் கேட்டால் தரமாட்டார்கள், தரவும் கூடாது. மனிதர் படங்களைப் பார்க்க அனுமதி பெற்றவர் யார், எத்தனை நாள் வைக்கப்படுகின்றன, அழித்ததற்குப் பதிவேடு உண்டா என்று கேளுங்கள்.

நகரத்திற்குத் திரும்புவோம். 2017 முதல் ‘மூன்றாவது கண்’ என்ற பெயரில் சென்னை காவல்துறை தெருத்தெருவாகக் கேமராக்களை நிறுவச் செய்தது. வடசென்னையின் இளைஞன் தன் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போய்த் திரும்புவதற்குள் எத்தனை கேமராவில் விழுகிறான் என்று எண்ணிப் பார்த்திருக்கிறோம். ஒருமுறை இருபத்திரண்டு வரை எண்ணிவிட்டு நிறுத்தினோம். கேமரா அவசியம் இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு காவல் நிலையத்திலும் இரவிலும் பதியும், ஒலியையும் பதியும் கேமராக்கள் வேண்டும், பதிவுகளை நீண்டகாலம் வைத்திருக்க வேண்டும் என்று ஆணையிட்டது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்தான் சாத்தான்குளம். நிலையத்தின் பதிவுக்கருவியில் போதிய இடம் இருந்தும், பதிவுகள் அன்றன்றே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை நேரில் சென்ற நீதித்துறை நடுவர் தம் அறிக்கையில் எழுதினார். கோடிக்கணக்கான படங்களை ஆண்டுக்கணக்கில் சேமிக்கத் தெரிந்த அரசுக்கு, ஜெயராஜையும் பென்னிக்சையும் அடித்த இரவைச் சேமிக்க முடியவில்லை.

எங்கள் கார்டிற்கு என்ன ஆனது என்பதைச் சொல்ல வேண்டும். சட்டப்படி பார்த்தால் நாங்கள் இக்கட்டில் இருந்தோம். மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் ஏற்க வைக்க, பாரதிய சாக்‌ஷிய அதினியத்தின் 63(4) பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். கோப்பின் ஹாஷ் மதிப்பைக் குறிக்க வேண்டும். மூல கார்டை அப்படியே வைத்திருப்பதே பாதுகாப்பு. லாரியின் படத்திற்காக மூலத்தை வைத்திருந்தால் பெண்களின் படங்களும் இருக்கும். அழித்தால், சான்றில் கைவைத்ததாக எதிர்த்தரப்பு சொல்லும். இந்த விவாதம் ஒரு மணி நேரம் ஓடியது. பின்னர் மாணவி மட்டும் அமர்ந்து லாரிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். எண் பலகை வெறும் வெள்ளைச் செவ்வகமாக இருந்தது. வாகன எண் பலகை ஒளியைத் திருப்பி அனுப்பும் வகையில் செய்யப்படுவது; அகச்சிவப்பு விளக்கு நேரே பட்டால் எழுத்து எல்லாம் வெளுத்துப்போகும். காட்டு விலங்குக்கு எண் பலகை இல்லை என்பதால் இக்கருவியைச் செய்தவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டிருக்க மாட்டார். பெண்களின் முகங்களோ தெளிவாக இருந்தன.

மறுநாள் எங்கள் அணியின் பெண் வழக்கறிஞர் ஒருவரும் அந்த மாணவியும் கரைக்குப் போய் நடந்ததைச் சொன்னார்கள். ஏச்சு கிடைத்தது, கிடைக்க வேண்டியதுதான். “லாரிக்காரனப் புடிக்க வந்தீங்களா, எங்களப் புடிக்க வந்தீங்களாம்மா?” என்று கேட்ட மூதாட்டிக்கு இருவரிடமும் பதில் இல்லை. கார்டில் அழித்த படத்தை மீட்டெடுக்கும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன என்பதை மாணவி விளக்கினார். அதனால் அழிப்பதோடு நிறுத்தாமல், அந்தப் பெண்கள் கண் முன்னால் கார்டைக் கத்தரிக்கோலால் நான்காக வெட்டினார்கள்.

கேமராவைத் திருப்பித் தந்துவிடுவார்கள் என்று நினைத்தோம். தரவில்லை. அது எங்களிடமே இருக்கட்டும் என்றார்கள். லாரியைவிட அவர்களுக்கு முக்கியமான ஒன்று இருந்தது: அந்தக் கழிப்பறையின் பூட்டு. காலை ஐந்து மணிக்குத் திறப்பதாகக் காகிதத்தில் இருக்கிறது. திறப்பதில்லை என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. இக்கேமராக்களில், அசைவுக்குக் காத்திராமல், குறித்த இடைவெளியில் தானே படம் எடுக்கும் அமைப்பும் உண்டு. பத்து நிமிடத்திற்கு ஒரு படம் என்று வைத்து, பூட்டும் தாழ்ப்பாளும் மட்டுமே தெரியும்படி மிக அருகில், எதிர்த்திண்ணையில், தாழ்வாகக் கட்டினார்கள். விளக்கு அருகிலிருந்து பட்டுப் படம் வெளுத்துவிடாமல் இருக்க விளக்கில் பாதியின் மேல் மாணவர்கள் காகித ஒட்டுநாடா ஒட்டிக் கொடுத்தார்கள். பேட்டரி மாற்றும்போதெல்லாம் தேதி பழைய நிலைக்குப் போய்விடுகிறதா என்று பார்க்கவும் கற்றுக்கொடுத்தார்கள். தேதி பிழையான படம் சான்றாகாது. கார்டு, அந்த மூதாட்டியின் வீட்டில் அரிசி டப்பாவிற்குள் இருக்கிறது. நாங்கள் பார்க்க வேண்டுமென்றால் அவரைக் கேட்டு, அவர் எதிரில்தான் பார்க்க வேண்டும்.

இருபத்தொரு நாள் படங்களில், ஐந்து மணிக்குப் பூட்டு திறந்திருந்த நாள்கள் இரண்டு. மனு தயாராகிவிட்டது. நீதிமன்றம் வரை போகக்கூடும் என்பதால் 63ஆம் பிரிவுச் சான்றிதழையும் சேர்க்கிறோம். கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவர் என்ற இடத்தில், முதல் பகுதியில், மூதாட்டி தம் பெயரை எழுத்துக் கூட்டி எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார். இரண்டாம் பகுதியில் நிபுணர் ஒருவர் கையெழுத்திட வேண்டும். கட்டணம் கேட்காத நிபுணரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.